மிஸியின் படலையை ஏன் சாத்தினேன்

செல்வமலர் மிஸி போய்விட்டார் என்று அவருடைய தங்கை போன் எடுத்துச் சொன்னபோது, மயிலிட்டித் துறைமுகத்தடியில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனாலும் மிஸியைத் தெரிந்த உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

புற்றுநோயோடு வீட்டில் படுத்திருப்பவர்களைப் பார்க்க, தாதியான மிஸி ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போனது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு இவருக்காக, என் கணவருக்காக, வந்தார். இவர் சாப்பாட்டையும் தண்ணீரையும் ஒதுக்கத் தொடங்கியிருந்த நேரம். புற்று வருத்தம் முற்றிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

"அண்ணை, நோகுதோ?"

"இல்லை."

"வேறை என்ன?"

"ஒண்டுமில்லை, மிஸி."

மிஸி எழும்பவில்லை. கட்டிலடியில் குறையாமல் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். "கக்கூஸ் எங்கை?" என்று என்னைக் கேட்டார். அது வளவின் பின்வேலியோடு இருந்தது. அங்கே போவதென்றால் அயல் பார்க்க நான்தான் இவரைத் தாங்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

"அதுக்காகவோ அண்ணை தண்ணி குடிக்கேல்லை?"

இவர் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். அதற்கு முன் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

"வள்ளத்திலை போகேக்கை என்ன செய்தனீங்கள்? அங்கையும் வேலி அடைச்சோ வைச்சிருந்தனீங்கள்?"

அழுகைக்குள் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடல் ஒருத்தருக்கும் சொல்லாது, மிஸி. உவள் பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள்."

அடுத்த முறை, அறைக்குள்ளேயே உட்கார்ந்து போவதற்கு நடுவில் ஓட்டை வைத்த கதிரையொன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். அறை வாசலுக்குச் சீலை கட்டினோம். அன்றைக்கே இவர் தேத்தண்ணி கேட்டுக் குடித்தார். வருத்தம் மாறவில்லை. ஆனால் இவர் தாகத்தோடு சாகவில்லை.

"நோகுதோ எண்டு கேட்டால், ஓம் இல்லை எண்டுதான் சொல்லுவினம். வேறை என்ன எண்டு கேட்டிட்டுக் கொஞ்ச நேரம் இருக்கோணும்" என்பார் மிஸி.

பிறகு அதே வருத்தம் மிஸிக்கும் வந்தது. கொக்குவிலில் அவருடைய வீட்டில் கொஞ்ச நாள் துணைக்குப் போய் நின்றேன். நீங்களெல்லாம் பிஸ்கற்றும் தோடம்பழமுமாக வருத்தம் பார்க்க வந்தீர்கள். கையைப் பிடித்து, "மிஸி, நீங்களும் போனால் எங்களை ஆர் பாக்கிறது?" என்று அழுதீர்கள். மிஸி ஒவ்வொருவரையும் தேற்றி அனுப்பினார். நீங்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்படித் திரும்பிய முதுகை நான் முன்னமே பார்த்தவள்.

"வேறை என்ன, மிஸி?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

நான் எழும்பவில்லை.

"சாகப்போறதும் நான், ஆறுதல் சொல்லுறதும் நான்" என்றார் கடைசியில். "களைச்சுப் போனன். எனக்கும் பயமாக் கிடக்கு, பிள்ளை. அழுவமெண்டால், வாறாக்கள் முந்தி அழுதுவிடுகினம்."

நான் போய் வாசல் படலையைச் சாத்தினேன். வந்தவர்களிடம், மிஸி நித்திரை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். "முகம் பாக்க விடாத பாவி. உவள் ஆர் எங்களை மறிக்க?" என்று செத்தவீட்டில் என் காதுபடச் சொன்னீர்கள். மறுமொழி சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. இப்போது சொல்கிறேன். மிஸி நித்திரை கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் தேற்றாமல், தனக்காக அழுதார். அழுது முடிந்ததும் கொஞ்சம் கஞ்சி கேட்டுக் குடித்தார்.

அந்தக் கதிரை இவருக்குப் பிறகு எத்தனையோ வீடு போய், கடைசியில் மிஸிக்கே உதவியது. தங்கை அதை என்னிடம் தந்துவிட்டார். கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்கும் தேவையென்றால் வந்து எடுங்கள். என்மேல் இருக்கிற கோபத்தோடேயே வரலாம்.