கியர்பாக்ஸ் மாற்றின வெள்ளிக்கிழமை

அந்த லாரி எங்கள் வாசலுக்குள் ஏறி நின்ற அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. என் தம்பி ஆசை ஆசையாக வாங்கி வந்த வண்டி, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? ஆரத்தி கரைத்து எடுத்தேன். எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் யாரோ நிலக்கரிச் சுரங்கத்துக்கு மிஷின் பூட்ட வந்தபோது கூடவே இறக்கிய சின்ன லாரி அது. வேலை முடிந்து அவர்கள் போன பிறகு ஏலத்துக்கு வந்தது. அதில் கிளச் மிதி கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும். எங்கள் ஊர் வடக்குத்தில் ஸ்டீயரிங் பிடித்தவன் எல்லாம் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "கிளச்சே இல்லாத லாரியா, அடப்பாவி!" என்று சிரித்துவிட்டுப் போனான். தம்பியும் சிரித்தான். ஆனால் அவனுக்கு அது சிரிப்பு விஷயமில்லை. பதினோரு வருடம் சுரங்க டவுன்ஷிப்பில் தண்ணீர் லாரி ஓட்டினவன், கான்ட்ராக்ட் முடிந்ததும் சும்மா நின்றான். முப்பத்து மூன்று வயதில் வீட்டில் சும்மா உட்காருவது ஆம்பளைக்கு எவ்வளவு கேவலம் என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் பார்த்தேன். அந்த லாரிதான் அவன் பிழைப்பு என்று ஆகிவிட்டது.

வண்டி லோடு ஏறினால் மேட்டில் ஏறாது. என்ஜின் கத்தும், வண்டி நகராது. ஒரு கான்ட்ராக்டர், "லோடோட மேடு ஏத்திக் காட்டு, சனிக்கிழமை வந்து பாக்கறேன், வேலைக்கு எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். தம்பி மந்தாரக்குப்பத்தில் மூன்று பட்டறையில் கேட்டான். ஆட்டோமேட்டிக்கா, நாங்கள் கைவைக்க மாட்டோம் என்று மூன்று பேரும் கும்பிடு போட்டார்கள்.

என் வீட்டுக்காரர் விடுவாரா? மைன்ஸில் டம்பர் ரிப்பேர் செக்‌ஷனில் பர்மனென்ட். அங்கே மண் சுமக்கிற பெரிய டம்பர் லாரிகள் எல்லாமே தானாகக் கியர் மாறுகிறவைதானாம். "அதையே பிரிச்சுப் பூட்டினவன் நான், இது பொம்மை" என்றார். உள்ளே பிளேட்டெல்லாம் தேய்ந்துவிட்டது, மூணு கியர் உள்ள பெட்டியைக் கழற்றிவிட்டு அதே கம்பெனியின் நாலு கியர் உள்ள பெட்டியைப் போட்டால் வண்டி பறக்கும் என்று கணக்குப் போட்டார். போனில் நெட் மலிந்த வருடம் அது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கொட்டகையில் கியர்பாக்ஸ் மாற்றுகிற வீடியோவைச் சோறு தின்னும்போதுகூடப் பார்த்தார். சென்னையில் பழைய சாமான் கடைகளில் தேடி, சாக்கு சுற்றிய ஒரு கியர்பாக்ஸைத் தம்பி கொண்டுவந்து இறக்கினான். குழந்தை பிறந்த வீடு மாதிரி இரண்டு பேரும் அதைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள்.

புதன்கிழமை வேலை தொடங்கியது. அவர் மூன்று நாள் லீவு போட்டிருந்தார். எங்கள் வாசலுக்குச் சிமெண்டுத் தரை. வீடு கட்டும்போது மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று கேட்டைப் பார்த்து நல்ல வாட்டம் வைக்கச் சொன்னதே நான்தான். அதனால் வண்டியின் மூக்கு கேட்டைப் பார்த்துச் சரிந்து நின்றது. அவர் முதல் காரியமாக, வீடு கட்டி மிஞ்சின சாம்பல் செங்கல்லில் இரண்டை எடுத்து முன்சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் இறுக்கி வைத்தார்.

"இதை யாரும் தொடக் கூடாது. மைன்ஸ்ல கட்டை போடாம வண்டிக்கு அடியில போனா சார்ஜ்ஷீட்" என்றார்.

எனக்கும் காது இருந்தது. கேட்டேன்.

பழைய பெட்டியை இறக்கியபோது அதிலிருந்து எண்ணெய் கொட்டியது. லாரி எண்ணெய் கறுப்பாகத்தானே இருக்கும்? இது சிவப்பு. ஆரத்தித் தட்டைக் கவிழ்த்த மாதிரி வாசல் முழுக்க ஓடி, கோலம் போடுகிற இடத்தில் போய்த் தேங்கியது. "என்ன கண்றாவிங்க இது!" என்று கத்தினேன். "கியர் ஆயில் இல்ல, இதுக்குன்னு தனி ஆயில், கலரே இதுதான்" என்று சிரித்தார். மண்ணைப் போட்டுத் தேய்த்தேன், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மறுநாள் காலையில் கோலம் போடக் கை வரவில்லை எனக்கு.

வியாழக்கிழமை புதுப் பெட்டியை ஏற்றினார்கள். டிராலி ஜாக்கியில் வைத்து, விரல் விரலாக ஏற்றி, என்ஜினோடு முகம் சேர்த்துப் பூட்டினார்கள். அன்றைக்கெல்லாம் அவர் உடம்பில் பாதி வண்டிக்கு அடியில்தான். வெளியே தெரிவது இரண்டு கால். நான் அடுப்படியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பேன். கால் அசைந்தால் உள்ளே போவேன். அசையாவிட்டால், "ஏங்க, இருக்கீங்களா?" என்பேன். "இல்ல, செத்துட்டேன், டீ கொண்டா" என்று அடியிலிருந்து குரல் வரும். அப்படி விளையாட்டாகப் பேசக் கூடாதென்று சண்டை போட்டேன். தம்பி ஸ்பேனரை வைத்துக்கொண்டு சிரித்தான்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது, எனக்குப் பெருமையாகப் பாடமெடுத்தார். லீவரை ‘பி’ என்கிற பார்க்கிங்கில் போட்டுவிட்டால் வண்டி மலைச்சரிவிலேயே நிற்குமாம், ஹேண்ட்பிரேக்கே வேண்டாமாம். அந்த ஒரு வாக்கியம் என் மண்டையில் நன்றாக ஏறியது. அந்தப் ‘பி’யும் சரி, இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக்கும் சரி, பிடிப்பது கியர்பாக்ஸைத்தான், கியர்பாக்ஸுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் இரண்டும் ஒன்றுக்கும் உதவாது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது. அவருக்கு அது ஒன்றாம் வகுப்புப் பாடம்.

வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்தது அந்த ஷாஃப்ட் மட்டும்தான். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பூஜை போட்டுவிட வேண்டும் என்று நான் குளித்துவிட்டுத் தயாராக நின்றேன். சனிக்கிழமை கான்ட்ராக்டர் வருகிறார், வண்டிக்குப் புது உயிர் வந்திருக்கிறது, சும்மாவா ஓட்டிக்கொண்டு போவது? மணி பத்தேகாலைத் தாண்டியது. அவர் அடியிலேயே கிடந்தார்.

"ஏங்க, நல்ல நேரம் போவுதுங்க."

"நாலு போல்ட்டுதான். நீ பாட்டுக்கு ஆரம்பி" என்றார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார். "போல்ட் ஓட்டை நேரா வரல. நீ மேல ஏறி பிரேக்கை மிதி, லீவரை நியூட்ரலுக்குத் தள்ளு. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

"மிதிச்சிகினு இருக்கறேன் மாமா" என்று தம்பி ஏறி உட்கார்ந்தான்.

நான் பம்பரில் சந்தனம் குங்குமம் வைத்தேன், மாலை போட்டேன், தேங்காயும் சூடத்தட்டும் எடுத்து வைத்தேன். எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். டயருக்கு முன்னால், டயரை ஒட்டினாற்போல வைக்க வேண்டும், வண்டி கிளம்பும்போது நசுங்க வேண்டும். அந்த இடத்தில் செங்கல் இருந்தது.

எடுத்தேன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கணத்தில் என்ன நினைத்தேன் என்று தேடிப் பார்க்கிறேன். ஒன்றுமே நினைக்கவில்லை. பழம் வைக்க இடம் வேண்டும், அங்கே ஒரு கல் இருக்கிறது. அவ்வளவுதான். இறுகியிருந்தது, புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு, காலால் இரண்டு எத்து எத்தி எடுத்தேன். இரண்டையும் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து பழத்தை வைத்தேன். தம்பி பிரேக்கை மிதித்திருந்ததால் வண்டி இம்மிகூட அசையவில்லை. உயரத்தில் உட்கார்ந்திருந்த அவனுக்கு நான் குனிந்து என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. அவருக்கும் அடியிலிருந்து தெரியவில்லை, தலை பின்பக்கம் இருந்தது.

சூடம் ஏற்றினேன். காற்று அடித்தது. வண்டிக்குச் சொந்தக்காரன் தொட்டுக் கும்பிட வேண்டாமா?

"டேய், எறங்கி வந்து தொட்டுக்க. அணையப் போவுது."

"மாமா இன்னும் சொல்லலக்கா."

"மாமா சொன்னாத்தான் சாமி கும்பிடுவியா? ஹேண்ட்பிரேக் போட்டுக்கினு எறங்குடா. ராகுகாலம் பொறக்குது!"

கொஞ்சம் யோசித்தான். அவன் முகம் இப்போதும் தெரிகிறது. கீழே கல் இருக்கிறதே என்றுதான் நினைத்திருப்பான். அவர் வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். காலை எடுத்துக் கதவைத் திறந்தான்.

வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. என்ஜின் ஓடாத வண்டி நகர்வதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சூடத்தட்டோடு பக்கவாட்டில் விழுந்தேன். கேட் தூணில் இடித்து நின்றபோதுதான் சத்தம் வந்தது. அதற்கு முன்னாலேயே அடியிலிருந்து அவர் கத்தின சத்தம் வந்துவிட்டது. ஸ்பேனரை எடுக்க வலது கையை வெளியே நீட்டியிருக்கிறார். பின்சக்கரம் அந்தக் கையின் மேல் ஏறி இறங்கியிருந்தது.

தெரு கூடிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. கடவுளே, என் வாய்! "ஏன்டா காலை எடுத்தே? பாவி, ஏன்டா காலை எடுத்தே? சொல்ற வரைக்கும் எடுக்காதன்னு சொன்னாரே, உன் புழைப்புக்கு என் புருஷன் கையா கெடைச்சுது?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் அடித்ததையும் வாங்கிக்கொண்டு, அவன்தான் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கல்லு வெச்சிருந்தேனே?"

"அவன் காலை எடுத்துட்டான். லாரி கனத்துக்குக் கல்லு தாங்குமா?" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில் அது. ஆனால் அன்று சாயங்காலம் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது நான் செய்தது யோசித்துச் செய்தது. செம்பருத்திக்குப் பக்கத்தில் இரண்டு கல்லும் முழுசாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நான் வைத்தபடியே இருந்தன. ஒன்றைச் சுவருக்கு அப்பால் காலிமனையில் எறிந்தேன். இன்னொன்றைச் சுத்தியலால் உடைத்து, முன்சக்கரம் நின்றிருந்த இடத்தில் துண்டுகளைச் சிதறவிட்டேன். மறுநாள் தம்பி வந்து குந்தி உட்கார்ந்து, அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். "கல்லையே நொறுக்கிட்டு வந்திருக்குது பாருக்கா" என்றான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அவருக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. டம்பர் செக்‌ஷனிலிருந்து எடுத்து, வண்டிச் சாவிகளை எடுத்துக் கொடுக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். ஒரு நாளும் தம்பியைத் திட்டினதில்லை. "வரச் சொல்லேன் அவனை" என்றுதான் சொல்லுவார். நான்தான் கூப்பிடவில்லை. கோபம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கோபமா? அவன் வந்தால், உட்கார்ந்து பேசினால், பேச்சு அந்த நாளுக்குப் போகும். அவரும் அவனும் சேர்ந்து யோசித்தால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று எனக்குப் பயம். கான்ட்ராக்டர் அந்த வண்டியைத் தொடவில்லை. ரத்தம் பார்த்த வண்டி என்று யாரும் வாங்கவுமில்லை. கடைசியில் இரும்புக்கே போயிற்று. அவன் மேல்பட்டாம்பாக்கத்தில் யாரிடமோ டிரைவராகப் போய்ச் சேர்ந்தான்.

இரண்டு வருடம் கழித்து என் மகள் வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் மாலை போட வேண்டும், அவன் எடுத்த புடவையைத்தான் அவள் கட்ட வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவர்தான் போனில் கூப்பிட்டுச் சொன்னார். தம்பி வந்தான். தட்டில் பட்டுப்புடவை, மாலை, பழம், வளையல். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான்.

உள்ளேயிருந்து மகள், "மாமா வரலியாம்மா?" என்று மணையிலிருந்து கேட்டாள். நான் வெளியே போனேன்.

"வாடா உள்ள."

"வாணாங்க்கா. மாமா கைய பாத்துகினு என்னால நிக்க முடியாது. நீ வாங்கிகினு போய் கட்டி வுடு. மாலைய மாமாவையே போடச் சொல்லு."

இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. என்னைவிட நாலு வயது சின்னவன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். உள்ளே மேளம் வாசித்துக்கொண்டிருந்தது, சொந்தமெல்லாம் எட்டிப் பார்த்தது. வார்த்தைக்குப் பதில் அழுகைதான் வந்தது.

அவன் பதறிப்போய்த் தட்டை என் கையில் வைத்துவிட்டு, என் கண்ணைத் தன் தோள் துண்டால் துடைத்தான்.

"நீ ஏங்க்கா அழுவற? காலை எடுத்தது நான்தான?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.