நீலத் துணிக்கு வந்த துக்கச் செய்தி

தொண்ணூறுகளின் பின்பாதியில், தி. நகர் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த துணி ஏற்றுமதி அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். அலுவலகம் முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஈமெயில் முகவரி. எனக்குக் கம்ப்யூட்டரை யாரும் சொல்லித் தரவில்லை. பயந்து பயந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் கற்றுக்கொண்டதுதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கணக்கில் அங்கே நான்தான் நிபுணர்.

முதலாளி புது கம்ப்யூட்டர் வாங்கினார். இனி ஆளுக்கொரு முகவரி என்றார். பழைய பெட்டியில் சேர்ந்திருந்த கடிதங்களைப் புதியதற்கு மாற்ற வந்த இன்ஜினியர், அதைத் திறந்து பார்த்துவிட்டு, கல்யாண வீட்டு ஸ்டோர் ரூமுக்குள் தலையை விட்டவர் போலப் பின்வாங்கினார்.

“வேண்டாததை எல்லாம் அழிச்சிடுங்க மேடம். வேண்டியதை மட்டும் வைங்க. திங்கட்கிழமை வந்து மாத்தித் தரேன்.”

எது வேண்டும், எது வேண்டாம் என்ற தீர்ப்பு மேனேஜருடையது. மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் விபூதி கலையாமல் காலையில் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன்.

“தீபாவளி வாழ்த்துன்னா இது? இதை எப்படிம்மா அழிக்கறது?”

“போன தீபாவளிக்கு வந்தது சார்.”

“இருந்தா என்ன? மங்களகரமா அனுப்பிச்சிருக்கான். இருக்கட்டும்.”

அடுத்தது ஈரோட்டு நூல் வியாபாரி அனுப்பிய கடைத் திறப்பு அழைப்பு. மேலே பெரிய பிள்ளையார் படம். பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தப் பிள்ளையார்தான். மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பிள்ளையாரைக் குப்பையில போடச் சொல்றியா?” என்று என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை.

துணி மூட்டைகளைக் கட்டி லாரியில் ஏற்றிவிடும் பொறுப்பில் இருந்தவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா மாமா, பொட்டிய காலி பண்ணச் சொன்னா உள்ள கோயில் கட்டிக்கினு கீறே?” என்றார். அவர் வாயைத் திறந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அன்றைக்கெல்லாம் மேனேஜர் மனமுவந்து அழித்தது ஒரே ஒரு கடிதம். நான் காபி வாங்கக் கீழே போயிருந்தபோது தானே கண்டுபிடித்து, தானே அழித்துவிட்டார். திரும்பி வந்தபோது கையை அலம்பித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“துக்கச் செய்தி வந்தா படிச்ச உடனே கிழிச்சு வெளியில போட்டுடணும். ஆத்துல வெச்சுக்கற வழக்கம் கிடையாது. இது நாலு நாளா உள்ளேயே இருந்திருக்கு! ஆமா, அழிச்சது எங்கே போறது?”

“உள்ளேயே ஒரு குப்பைக்கூடை இருக்கு சார்.”

“உள்ளேயேவா? மொதல்ல அதைக் கொட்டு.”

எப்படியோ இடம் காலியானால் சரி என்று நானும் கொட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து திரும்பிய முதலாளி, கட்டி அடுக்கியிருந்த நீலத் துணி மூட்டைகளைப் பார்த்தார். “இத யாரு கட்டச் சொன்னா?”

“ஜெர்மன்காரரு சரின்னு எழுதிட்டாரு அண்ணாச்சி. அக்காதான் படிச்சு சொல்லிச்சு,” என்று என்னைக் காட்டினார் சிந்தாதிரிப்பேட்டைக்காரர்.

“எழுத்துல காட்டு. போன தடவ வாய்ச்சொல்ல நம்பி அனுப்பி, அம்புட்டும் திரும்பி வந்துச்சுல்லா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லன்னா நீ வேற சோலி பாத்துக்கிடு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஜெர்மானியர் தன் அப்பா இறந்துவிட்டார், அலுவலகம் சில நாள் மூடியிருக்கும் என்று ஆரம்பித்து, கடைசி வரியில்தான் நீலச் சாயம் சரி, துணியை அனுப்பலாம் என்று எழுதியிருந்தார். மேனேஜர் முதல் வரியோடு நின்றுவிட்டார். பிரிண்டர் ரிப்பன் தீர்ந்து அந்த வாரம் எதையும் அச்செடுக்கவில்லை. புது ரிப்பன் முந்தின நாள்தான் வந்திருந்தது.

போன் அடித்தோம். மூடிய அலுவலகத்தில் யார் எடுப்பார்கள்?

“மாமா, என் வேலைக்கே வேட்டு வெச்சிட்டியே! ‘நீலத்துக்கு இன்னொரு தபா ஓகே சொல்லு நைனா’ன்னு ஒரு வரி எழுது மாமா.”

மேனேஜரின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை. “துக்கம் விசாரிக்கப் போற எடத்துல வியாபாரம் பேசுவாளா? மொதல்ல விசாரிப்போம்.”

அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். ஆன்மா, பிரிவு, பொறுமை என்று நீண்டுகொண்டே போனது. நீலம் என்ற பேச்சே இல்லை. முடிவில் வழக்கமான வணக்கத்தையும் அவர் பெயரையும் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

“துக்க வீட்டுல ‘போயிட்டு வரேன்’னு சொல்லிண்டு கிளம்புவாளோ? அப்படியே எழுந்து வந்துடணும். பேரும் வேண்டாம், வணக்கமும் வேண்டாம். அனுப்பு.”

பாதியில் எழுந்து போனவர் பேச்சு மாதிரி அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது. சிந்தாதிரிப்பேட்டைக்காரர் மூட்டை மேல் உட்கார்ந்து, “சரிதான், அவருக்கு அப்பா பூட்டாரு, எனக்கு வேல பூட்ச்சி,” என்றார். அவர் வீட்டில் இரண்டு குழந்தைகள். அன்று அவர் டீ குடிக்கக்கூடக் கீழே இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மோடம் கீச்சிட்டு அடங்கியதும் பதில் விழுந்தது. முதலில் அப்பாவைப் பற்றி ஒரு பத்தி. எத்தனையோ பேர் எழுதினார்கள், வியாபாரம் பேசாமல் எழுதியவர் நீங்கள் ஒருவர்தான் என்று உருகியிருந்தார். அடுத்த பத்தி: வாரத் தொடக்கத்திலேயே நீலத்துக்குச் சம்மதம் எழுதினேனே, துணி கிளம்பிவிட்டதா?

“கிளம்பிட்சா?” என்று கத்திக்கொண்டே சிந்தாதிரிப்பேட்டைக்காரர் பிரிண்டர் பக்கம் பாய்ந்தார். தாள் கரகரவென்று வெளியே வந்தது. அதை முதலில் எடுத்தது மேனேஜர். மேல் பத்தியைப் படித்தார், கண் கலங்கிற்று. மறுகணமே அந்தப் பத்தியை மட்டும் குறுக்கே கிழித்தெடுத்து, ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டார்.

“இப்போ கொண்டு போ. கீழ்ப்பாதி சுத்தம்.”

முதலாளி அந்த அரைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னடே இது, மேல எலி கடிச்சிருக்கா?”

“துக்கம் போச்சு அண்ணாச்சி, துணிதான் மிச்சம். லாரிய வரச் சொல்லட்டா?”

முதலாளி கீழ்ப்பாதியை இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். தலையை ஆட்டினார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் படியில் இறங்கிய சத்தத்தில் கீழ்க்கடைக்காரர் வெளியே வந்து மேலே எட்டிப் பார்த்தார்.