மதிப்பீட்டு ஞாயிறு

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். சாப்பிடும்போதுகூட ஒரு காலை வாசல் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்து மூன்று வயது. வாரத்தில் ஆறு நாள் கோலா சிலாங்கூரில் ஒரு சீனர் இரும்புக்கடையில் பில் எழுதுவேன். ஏழாவது நாள் எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தின் செயலாளர். ஜெராமுக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்த தோட்டம் அது. செயலாளர் என்றால் கடிதம் எழுத வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், கூட்டத்துக்கு வராதவர்களைத் திட்ட வேண்டும். மூன்றாவது வேலை எனக்கு நன்றாக வந்தது.

மன்றம் செய்த ஒரே உருப்படியான காரியம் ஞாயிறு வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அங்கே திருதிருவென்று விழிப்பார்கள். புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக உட்காரவைத்தாலும் பலருக்கு மலாய் பிடிபடாது. அவர்களுக்கு மலாய் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் வகுப்பு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த பழைய பிள்ளைக்கொட்டகையில் நடத்தினோம். முன்பு வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம் அது. தொட்டில் கட்டிய கம்பிகள் இன்னும் கூரையில் இருந்தன.

பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஐந்து பேர் எழுத்துக்கூட்டவே திணறுவார்கள். அந்த ஐவரில் ஒரு பெண்ணுக்குப் பதினான்கு வயது. வளர்த்தி அதிகம் என்பதால் கூச்சப்பட்டுக் கடைசி பெஞ்சில் குனிந்து உட்காருவாள். அவளுடைய அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். "படிப்பு ஏறலன்னா எங்கூட வரட்டும். உதிரிப் பழம் பொறுக்குனாகூட வீட்டுக்கு ஆகும்" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டார். நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கடைசியில், "சரி, உங்க வகுப்பு நடக்கிற வரைக்கும் வரட்டும். நின்னுச்சுன்னா வேலைக்கு வந்துரணும்" என்றார்.

அந்தப் பெண்ணிடம் நான் பொறுமையாக இருந்தேன் என்று சொன்னால் பொய். அவள் ஒரு சொல்லில் நின்றால் என் கால் தானாக ஆட ஆரம்பிக்கும். நானே முந்திக்கொண்டு சொல்லைச் சொல்லிவிடுவேன். "நீங்க சொல்லாதீங்கக்கா, நான் சொல்றேன்" என்று ஒருமுறை அவளே கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு என் முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்காருவேன். எட்டு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போவதைப் பற்றிய ஒரு பக்கத்தை அவள் முதல் வரியிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வாசித்தாள். நான் எழுந்து வெளியே போய்க் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்ட நிர்வாகத்துக்கு உரம் வைக்க இடம் போதவில்லை, எங்கள் கொட்டகையைக் கேட்டார்கள். தோட்ட அலுவலகத்துத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி, மேனேஜர் துரை சொன்னதைக் கொண்டுவந்து சொன்னார். "கூட்டம் போட்டுக் கதை பேசுறதுக்கு எதுக்குக் கொட்டகைன்னு கேக்குறாரு. நீங்க நல்ல மன்றம்னு உங்க மேலிடத்துலேர்ந்து எழுத்துல ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க. அப்புறம் நான் பேசிப் பாக்குறேன்."

மேலிடம் என்பது மாநில மன்றம். அவர்கள் அந்த ஆண்டு புதிதாக ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார்கள். கிளைகள் நடத்தும் நிகழ்ச்சிகளின் தரத்தை நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள், தேறினால் தரச் சான்றிதழ் தருவார்கள். படிவத்தை முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருந்தார்கள். இரண்டு வாரம் அது எங்கள் கையில் இருந்தது. நாங்கள் செயற்குழுவாக உட்கார்ந்து பார்த்ததெல்லாம் வலது பக்கத்தில் இருந்த மதிப்பெண்களைத்தான். எதற்கு இருபது, எதற்குப் பத்து என்று எண்ணினோமே தவிர, இடது பக்கத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒருவரும் நிதானமாக வாசிக்கவில்லை. வாசிப்பு வகுப்பு நடத்துகிறவர்கள் நாங்கள்.

எங்கள் தலைவர் தோட்டத்து லோரி ஓட்டுநர். நல்ல மனிதர், ஆனால் எதைச் செய்தாலும் மாலை, பொன்னாடை, வரவேற்புரை, கேசரி என்றுதான் ஆரம்பிப்பார். அவர் மாலைக்கு ஆள் போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு வேறொரு கவலை. வருகிறவர் வகுப்பைப் பார்ப்பார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார். அந்த ஐந்து பேரில் ஒருத்தரை எழுப்பிவிட்டால்? அந்தப் பெண்ணுக்கும் சந்தைப் பக்கம் ஒன்றுதான் நிற்காமல் வரும்.

"அவங்க அஞ்சு பேருக்கும் அன்னிக்கு லீவு விட்டுருவோம்" என்றேன்.

"பெஞ்சு காலியா இருக்கும்லா" என்றார் தலைவர்.

"பக்கத்துத் தோட்டத்துல நல்லா வாசிக்கிற புள்ளைங்க இருக்காங்கல்ல. உங்க லோரியில ஏத்திக்கிட்டு வாங்க."

சொன்னது நான்தான். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கதையைச் சிலரிடம் சொல்லும்போது, செயற்குழு முடிவு என்று சொல்லியிருக்கிறேன். தலைவர் தலையில் போட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது அவரும் இல்லை. சொன்னது நான்தான்.

சனிக்கிழமை மாலை லயத்துக்குப் போய் ஐந்து வீட்டிலும் சொன்னேன். நான்கு பேருக்கு லீவு என்றதும் வாயெல்லாம் பல். அவள் மட்டும், "நாளைக்கு பெரியவங்க வர்றாங்கன்னு சொன்னீங்களேக்கா?" என்றாள். கூட்டமாக இருக்கும், இடம் போதாது என்றேன். பதினெட்டுப் பேருக்குப் போதிய இடம் பதினெட்டுப் பேருக்குப் போதாதா என்று கேட்கும் பெண் இல்லை அவள். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிறு காலையில் கொட்டகை வாசலில் நான் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தேன். லோரி வந்து பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் அவள் நின்றாள். பள்ளிச் சீருடையைத் தேய்த்துப் போட்டிருந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னியிருந்தாள்.

"நான் ஓரமா நிக்கிறேன்க்கா. கேட்டாங்கன்னா அந்தச் சந்தைப் பக்கத்தை வாசிச்சுக் காட்டுறேன். நிறுத்தாம வாசிப்பேன்."

"இன்னிக்கு வேணாம்மா. அடுத்த வாரம் வா."

"ஒரே ஒரு பக்கம்க்கா."

"சொன்னா கேக்க மாட்டே? போ!"

என் குரல் எனக்கே கேட்டது. லோரியில் வந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் போனாள்.

மதிப்பீட்டாளர் கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். "மாலை வேணாங்க, ரொம்ப வேர்க்குது" என்று தலைவரின் முகத்தை முதலிலேயே வாடவைத்துவிட்டார். வரவேற்புரைக்கு நடுவில் கடிகாரத்தைப் பார்த்தார். கோப்புகளைப் புரட்டினார், படங்களைப் பார்த்தார், மூன்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூவரும் மளமளவென்று வாசித்தார்கள். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மதிப்பீட்டாளர் பேனாவால் படிவத்தில் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"ஏழாவது கேள்வி. வந்து சேர்ந்தப்போ இருந்ததைவிட நல்லா முன்னேறின மாணவர் யாராவது? அவரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லணும்."

"அஞ்சு நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் லயத்துக்கு ஓடினேன்.

அவள் சீருடையை மாற்றிவிட்டுப் பழைய பாவாடையோடு குழாயடியில் துணி கும்மிக்கொண்டிருந்தாள். தேய்த்துப் போட்டிருந்த சீருடையும் அந்த வாளிக்குள் இருந்தது. நான் மூச்சு வாங்க நின்று, "வாம்மா, உன்னைத்தான் கேக்குறாங்க" என்றேன். அவள் நிமிரவில்லை. அவளுடைய அம்மாதான் கதவருகில் வந்தார்.

"காலையில போன்னு விரட்டுனீங்களாம். இப்ப வான்னு கூப்புடுறீங்க. எம்மவ என்ன கோழியா?"

"தப்புதான்க்கா. அவ நல்லா வாசிக்கிறாக்கா. அவளை மாதிரி முன்னேறினவங்க வகுப்புல யாருமே இல்ல."

"அது காலையில தெரியலையா?"

நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். "எனக்காக வேணாம். நீ எட்டு மாசம் கஷ்டப்பட்டியே, அதுக்காக வா" என்றேன். அவள் சோப்பு நுரையைக் கையிலிருந்து வழித்துப் போட்டாள். "எனக்குத் தலை வலிக்குதுக்கா" என்றாள். அழவில்லை, முறைக்கவில்லை. மறுபடியும் துணியை எடுத்துக் கும்ம ஆரம்பித்தாள்.

நான் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. லோரியில் வந்த ஒரு பையனைத் தலைவர் எழுப்பி நிறுத்தி, "எட்டு மாசத்துக்கு முன்னாடி இவனுக்கு ஒரு எழுத்து தெரியாது சார், இப்பப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். பையன் தங்குதடையில்லாமல் வாசித்திருக்கிறான். மதிப்பீட்டாளர் என்னிடம், "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க" என்று கை கொடுத்தார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் சான்றிதழ் போகும், சான்றிதழ் போனால் கொட்டகை போகும், கொட்டகை போனால் அவளுடைய படிப்பு போகும் என்று எனக்கு நானே வேகமாகச் சொல்லிக்கொண்டேன். நன்றி சார் என்றேன். பிறகு பஸ் நிறுத்தம்வரை அவரோடு நடந்தேன். வழியில் பத்து முறையாவது சொல்லிவிட நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

ஒரு மாதத்தில் சான்றிதழ் தபாலில் வந்தது. ஏழாவது கேள்விக்கு முழு மதிப்பெண். பக்கத்தில் பாராட்டு வேறு. பெரிய கிராணி அதைத் துரையிடம் காட்டிவிட்டு வந்து, உரத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தலைவர் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அந்த மாதம் முழுக்க அவள் வகுப்புக்கு வந்திருக்கவில்லை. அவளைப் பார்த்துவிட்டு மற்ற நான்கு பேரும் நின்றுவிட்டார்கள்.

செய்தியைச் சொல்ல நான் லயத்துக்குப் போனேன். அவள் அப்போதுதான் அம்மாவோடு வேலையிலிருந்து திரும்பி, வாசலில் உட்கார்ந்து காலில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டகை நமக்கே கிடைச்சிருச்சும்மா. வகுப்பு நிக்காது."

"சந்தோசம்க்கா" என்றாள். உண்மையாகவேதான் சொன்னாள். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப் போனேன். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார், அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைத் திறந்தேன். பதின்மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். ஒருவரும் ஒரு சொல்லில்கூட நிற்கவில்லை, அரை மணி நேரத்தில் எல்லோரும் வாசித்து முடித்துவிட்டார்கள். பிறகு, அடுத்து என்ன என்று என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.