ஜும்மா நேரத்து ஆயில்

எங்கள் வண்டி ஆயில் குடித்தது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதுவும் எழுத்தில்தான். சொல்ல வேண்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். பத்தமடையில் நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் என் மாமியாரும் இருக்கிறோம். மாமிக்குச் சிறுநீரகம் பழுதாகி, திங்களும் வியாழனும் பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பும்போது மாமியால் நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. எதிர் வீட்டில் இருக்கும் கொழுந்தன் மளிகைக் கடை வைத்திருக்கிறான். கடை வேனில் அவன்தான் கூட்டிப்போய்க்கொண்டிருந்தான். ஒரு வியாழக்கிழமை சரக்கு லாரி வந்துவிட்டதென்று தாமதமாகக் கிளம்பினான். எங்கள் முறை போய், மெஷின் அடுத்த ஆளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. சாயங்காலம் வரை கால் வீங்க வீங்க மாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொழுந்தனுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் அடங்க ஒரு வாரம் ஆனது.

அடுத்த லீவில் வீட்டுக்காரர் வந்தபோது, கார் வாங்குங்கள், நான் ஓட்டப் பழகுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். வாங்கினார். புத்தம் புதிய சின்ன பெட்ரோல் வண்டி, அவர் பெயரில். அன்றைக்கே கொழுந்தன் வந்து, காக்கா என்று அவன் கூப்பிடும் தன் அண்ணனிடம் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

"பொம்பளை கையில வண்டி ரெண்டு வருசம் தாங்காது காக்கா. என்கிட்ட இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

இவர் தம்பியின் மனம் நோகாமல் பேசுகிறவர். "ரெண்டு வருசம் பாப்போம்லே, அதுக்கப்புறம் பேசுவோம்" என்றார். எனக்குப் பரீட்சை வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. முன்னீர்பள்ளம் வளைவையும் மேலப்பாளையம் நெரிசலையும் பழகிக்கொண்டேன். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் தருவைப் பக்கம் வரும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆயில் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்திவிட்டேன். பெட்ரோல் பங்க்கில் இருந்தவர் வந்து பானட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் ஈரம்கூட இல்லை. சர்வீஸ் விட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கீழே குனிந்து பார்த்தார், சொட்டு ஒழுகல் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தார், புகையும் இல்லை. ஒரு லிட்டர் ஊற்றி அனுப்பினார். முன்பு இருந்த ஆயில் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

வண்டி வாங்கிய இடத்திலேயே கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். இப்போது வருகிற இன்ஜின்களில் மைலேஜுக்காகப் பிஸ்டன் ரிங்கை மெலிதாகப் போடுகிறார்கள், ஆயிலும் தண்ணீர் மாதிரி இருக்கும், கொஞ்சம் உள்ளே போய் எரியத்தான் செய்யும், வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே அதைப் போட்டிருக்கிறது என்றார். இது கொஞ்சம் இல்லையே, முழுக்கக் காலியாகிவிட்டதே என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

"வண்டி யாரு ஓட்டுதா?"

"நான்தான்."

அவர் தாளில் ஏதோ எழுதினார். மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்தேன். காரணம், ஓட்டும் முறை என்று எழுதியிருந்தது. எனக்கு முகம் சுட்டது. வாரண்டியில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சோதனை இருக்கிறது என்றார். ஆயிலை நிரப்பி மூடியில் முத்திரை வைப்பார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறதென்று அளப்பார்கள். அதற்கு வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும்.

வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாங்கவில்லை.

ஏன் என்று கேட்டால், எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கிறவருக்கு நல்ல சேதிதான் போக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் விட்ட பிறகுதான் சொல்வோம். அவருடைய பெரியம்மா மவுத்தாகி அடக்கம் செய்தபோது, லீவு கிடைக்காதென்று தெரிந்ததால் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னோம். அந்த மூன்று நாளும் நான் போனில் சிரித்துப் பேசினேன். அங்கே ஒற்றை அறையில் கிடந்து தவிப்பாரே என்ற இரக்கம்தான் இதற்கெல்லாம் காரணம். ஆனால் ஆயில் விஷயத்தில் இரக்கம் பாதிதான் என்பது எனக்குத் தெரியும். மீதிப் பாதி பயம். ஓட்டும் முறை என்று அந்தத் தாளில் எழுதியது அவர் காதுக்குப் போனால், எதிர் வீட்டுக்கும் போகும். வண்டி கொழுந்தன் கைக்குப் போகும். மாமி மறுபடியும் சரக்கு லாரிக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே நானே ஊற்றினேன். வண்ணார்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேன் வாங்கி, பழைய ஸ்கூல் பைக்குள் வைத்து, மோட்டார் ரூமில் ஒளித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் எனக்கு வசதி. தெருவில் ஆண்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கொழுந்தன் கடையும் அடைத்திருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பானட்டைத் தூக்கி, கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, குறைந்த அளவுக்கு ஊற்றிவிடுவேன். தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது அடுப்படியில் நிற்பேன். பாவம் செய்கிற நேரத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன். வாரண்டி முடிந்த நாளில் காலண்டரைப் பார்த்துவிட்டு மாமிக்குக் கஞ்சி காய்ச்சப் போனேன்.

இரண்டு வருடம் முடிந்து அவர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைப் பாராட்டினார். கொழுந்தன் டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

லீவில் வந்தவர் சும்மா இருப்பாரா? குற்றாலம் போனார், உடன்குடிக்குப் போய்க் கருப்பட்டி வாங்கி வந்தார், நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். ஓட்டியதெல்லாம் அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் நான் வழக்கம்போல ஊற்றினேன். ஆனால் தனியாக வண்ணார்பேட்டைக்குப் போக எனக்கு வழியில்லை. நான் கிளம்பினால், "வா, நானே கொண்டுபோய் விடுதேன்" என்று அவரும் கிளம்பினார். இரண்டாவது வாரம் கேன் காலியானது. மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு மேலப்பாளையத்தில் நண்பரோடு ஜும்மாவுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் கம்பியை உருவிப் பார்த்தேன். கீழ்க் கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

மறுநாள் மணிமுத்தாறு அருவிக்குப் போவதாக ஏற்பாடு. அவரும், எங்கள் பிள்ளைகளும், கொழுந்தனும் அவன் பிள்ளைகளும். மாமிக்குக் குலுங்கல் ஆகாதென்று நான் வீட்டிலேயே இருந்தேன். சனிக்கிழமை முழுக்க வாயைத் திறக்கப் பார்த்தேன். ஆயில் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற இரண்டே சொல். உனக்கு எப்படித் தெரியும், எத்தனை நாளாக, ஏன் சொல்லவில்லை என்று அடுத்தடுத்து வரும் கேள்விகள்தான் என் வாயை அடைத்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

பத்து மணிக்குப் போன் செய்தேன். கல்லிடைக்குறிச்சி தாண்டிவிட்டோம் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பக்கத்தில் கொழுந்தன் சிரிக்கிற சத்தம் கேட்டது. சொல்லு புள்ள, என்ன விஷயம் என்றார். வண்டிக்குள் என் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல. பைய, பாத்துப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. தம்மாமில் அவர் ஓட்டுவது கம்பெனி வண்டி. பானட்டைத் திறக்க அங்கே வேறு ஆள் உண்டு. இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியிருக்கிறார். வீரவநல்லூருக்கு முன்னால் உள்ளே இரும்பு உரசுகிற சத்தம் வந்து வண்டி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் ஓரமாக ஒடித்துப் போயிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்னவள் வீட்டுக்கு வந்து அந்த பஸ்ஸைப் பற்றி உற்சாகமாகச் சொன்னாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பயந்துவிட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டது, முழுக்கப் பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். ஆயில் பார்க்காமல் இப்படி அலைக்கழிக்கலாமா, விளக்கு எரிந்ததும் நிறுத்த வேண்டாமா அண்ணாச்சி என்று இவரைக் கேட்டாராம். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதாகக் கொழுந்தன் எங்கள் வாசலில் வந்து சொன்னான். சொன்னதோடு விடவில்லை.

"மதினி ரெண்டு வருசம் ஓட்டுனா, ஒரு கொறையும் இல்ல. நீ வந்து மூணு வாரத்துல சோலிய முடிச்சுட்டியே காக்கா."

இப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்க நான் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன். கேட்டபோது கூசிப்போனேன்.

மறுநாள் திங்கட்கிழமை. வாடகைக் காரில் மாமியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை போனேன். மாமி கண்ணை மூடியபடி சாய்ந்திருந்தார். இன்றைக்கு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேலச்செவல் தாண்டியதும் மாமி கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"நீ வெள்ளிக்கிழம எண்ண ஊத்துதத நான் சன்னல்ல இருந்து பாத்துருக்கேன் புள்ள. அவன்கிட்டச் சொல்லிராத. பயணம் போற புள்ள, மனசு ஒடஞ்சு போவான்."

ஏற்கனவே உடைந்துதான் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. மாமி அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

மீதி லீவையெல்லாம் அவர் அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் கழித்தார். காலையில் பஸ் ஏறிப் போவார், மாலையில் சட்டையெல்லாம் கறையோடு வருவார். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டது குறைவு. வண்டி சரியாகி வீட்டுக்கு வந்தபோது அவர் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலையில் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். பானட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். கையில் ஒரு துணி வைத்திருந்தார்.

கம்பியை உருவினார். துடைத்தார். மேல் கோடு எது, கீழ்க் கோடு எது என்று விரல் வைத்துக் காட்டினார். வாரத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்றார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார்.

"எல்லாம் நான் செஞ்ச தப்புதான் புள்ள. உம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வச்ச வண்டி. புள்ளைங்களையும் வச்சுட்டு... இனிமே நான் ஊருக்கு வந்தாலும் நீதான் ஓட்டணும்."

எதிர் வீட்டு வாசலில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் விழ வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, புரிந்ததா என்று கேட்டார். நான் கம்பியைக் கையில் வாங்கினேன். எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவள் போலப் புரட்டிப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை காட்டுங்க" என்றேன்.

அவர் துணியை உதறி மடித்துக்கொண்டு, பொறுமையாக முதலிலிருந்து தொடங்கினார்.