டெவலப்பர் சடையனும் செவலைப் பசுவும்

சடையன் டெவலப்பர் ஆன அன்று அந்தச் சொல்லுக்கு அவருக்கே பொருள் தெரியாது. போனில் ‘அமைப்புகள்’ பகுதிக்குள் போய், அடியில் கிடந்த பதிப்பு எண்ணை விரலால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் தட்டினீர்கள் என்றால், “தட்டினா இன்னா ஆவுதுன்னு பார்த்தேன்” என்பார். நீங்கள் இப்போது டெவலப்பர் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்துவிட்டது. கண்ணில் பட்ட எல்லோரிடமும் அதைச் சொன்னார். அவர் மனைவி ராணியம்மாள் மட்டும், “சம்பளம் எப்ப போடுவாங்களாம்?” என்று கேட்டார்.

சடையனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப்பில் போக வேண்டிய ஒரு சிற்றூரில் சாமை விதைக்கிறார், புளி உலுக்குகிறார், மாடு வளர்க்கிறார். நான் மலையடிவாரத்துப் படவேட்டுக்காரி. பல நாடு சுற்றிவிட்டுத் திரும்பி, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மலையேறி, அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்துத் தங்கியிருந்தேன். நான் போன ஊர்களில் குளிர் எப்படி, சோறு கிடைக்குமா என்று மற்றவர்கள் விசாரித்தார்கள். சடையன், “அந்த ஊர்ல போனுக்கு எந்த மொழி வச்சிக்கீறாங்க?” என்று விசாரித்தார்.

ஊருக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறையில்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பைத்தியங்கள் எல்லாம் அங்கே கூடும். சடையன் வருவார். ஜீப் ஓட்டும் ஆனந்தன் வருவான். நாற்பது வயது, ஒரே திரையைப் பாதியாகப் பிரித்து மேலே படமும் கீழே கிரிக்கெட்டும் பார்க்கத் தெரிந்தவன். வேலூரில் கல்லூரியில் படிக்கும் பிரியதர்ஷினி விடுமுறைக்கு வந்திருந்தாள். ராணியம்மாள், புருஷனைக் கூட்டிப்போக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்.

போனுக்குப் புதுப் பதிப்பு வந்து, திரையின் அடியில் இருந்த மூன்று பொத்தான்களும் காணாமல் போன வாரம் அங்கே பெரிய துக்கம்.

“துட்டு குடுத்து வாங்கின போன்ல இருந்த பட்டனை, என்னைக் கேக்காம எட்த்துட்டுப் போய்க்கீறான்” என்றான் ஆனந்தன்.

“எடுக்கல மாமா. இப்ப ஓரத்துலேர்ந்து உள்ள தள்ளினா பின்னாடி போவும்” என்றாள் பிரியதர்ஷினி.

சடையன் ஓரத்திலிருந்து தள்ளினார். அரிவாள் பிடித்துக் காய்த்த விரலைத் திரை கண்டுகொள்ளவில்லை. கைரேகைப் பூட்டும் அவருக்கு இடது கை சுண்டுவிரலுக்குத்தான் திறக்கும். பத்து விரலில் உழைக்காத விரல் அது ஒன்றுதான் என்பது ராணியம்மாள் கணிப்பு.

சாமை அறுப்பு முடிந்ததும் மாடுகளைக் காட்டில் விட்டுவிடுவது இங்கே வழக்கம். அவை தாமாக மேய்ந்து தாமாகப் படுத்துக்கொள்ளும். வேண்டும்போது வீட்டுக்காரர் மேட்டில் ஏறிக் குரல் கொடுப்பார். வீட்டுக்கு வீடு கூப்பாடு வேறு. குரல் வந்த இடத்துக்கு அந்த வீட்டு மாடு வந்து நிற்கும். உப்புப் போட்ட தவிடு கிடைக்கிற வரைக்கும் அசையாது.

இந்த முறை சடையனின் செவலைப் பசு நிறை சினை. முதல் ஈற்று. ராணியம்மாள் அதைக் கட்டிப் போடச் சொன்னார்.

“செந்நாய் சுத்துதுய்யா. காட்டுல கன்னு போட்டா காலையில எலும்புகூட மிஞ்சாது.”

“வூட்ல தீனி எங்க கீது? அதுவும் நான் சும்மாவா வுடப் போறேன்?” என்றார் சடையன்.

எங்கோ மாட்டுக் கழுத்தில் கருவி கட்டுவதை ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். அவரிடம் பழைய போன் ஒன்று இருந்தது. அதை மழைக்கு நனையாத உறையில் போட்டு, துணிப்பையில் தைத்துச் செவலையின் கழுத்தில் கட்டுவது. பாறையில் நின்று புதுப் போனில் மாடு இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வது. அதற்கு மேலும் ஒன்று செய்தார். தம் கூப்பாட்டைப் பதிவு செய்து, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அலாரமாக அடிக்கும்படி வைத்தார். “ஹோவ்... ஹோ... வாம்மா செவலே, வா வா!” குரல் கேட்டால் மாடு தானாக வீடு திரும்பிவிடும். சிக்னல் இல்லாவிட்டாலும் அலாரம் அடிக்கும் என்று பிரியதர்ஷினி உறுதி சொன்னாள்.

ஒத்திகையும் நடந்தது. போனை வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, சடையன் சத்தம் போடாமல் கொல்லையில் ஒளிந்துகொண்டார். மணி ஐந்தானது, ஜன்னல் கூப்பிட்டது, எதிர்மேட்டில் மேய்ந்த செவலை நேராக வந்து ஜன்னலுக்குள் முகத்தை நுழைத்தது. ஆனந்தன் கை தட்டினான். நானும்தான் தட்டினேன். ராணியம்மாள்கூடத் தவிடு எடுக்கப் போகும்போது, “டெவலப்பர்தான்” என்றார்.

செவலை காட்டுக்குப் போனது. திரும்பி வரவில்லை. சடையன் ஒவ்வொரு மாலையும் வாசலில் தவிட்டுக் கூடையோடு நின்றார். பொழுது சாய்ந்ததும் கூடையை ராணியம்மாள் வாங்கி உள்ளே வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பாறையில் வேறு பேச்சு நடக்கவில்லை. சடையன் சுண்டுவிரலால் போனைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார். பச்சைக் காட்டின் நடுவே ஒரு புள்ளி.

“கிடச்சிச்சு” என்றான் ஆனந்தன். “எங்க கீது?”

பிரியதர்ஷினி பெரிதாக்கிப் பார்த்தாள். “இங்கதான் மாமா.”

“இங்கன்னா?”

“இந்தப் பாறை மேல.”

ஆனந்தன் எழுந்து பின்னால் இருந்த புதரை விலக்கிப் பார்த்தான்.

“நவுந்து ஒக்காருங்க. மாடு நிக்க எடம் வேணும்” என்றார் ராணியம்மாள்.

விஷயம் இதுதான்: காட்டுக்குப் போகும் வழியில் செவலை இந்தப் பாறை ஓரமாகப் போயிருக்கிறது. போனுக்குக் கடைசியாகச் சிக்னல் கிடைத்தது இங்கே. “இப்ப அது எங்க கீதுன்னு அந்த போனுக்குத் தெரியும் பெரிப்பா. ஆனா நம்மகிட்ட சொல்ல அதுக்கு வழி கிடையாது” என்றாள் பிரியதர்ஷினி.

“தெரியும், சொல்லாது. எம் மச்சான் ஒருத்தன் இப்டித்தான்” என்றார் சடையன். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. “நாள் நெருங்கிப் போச்சு பாப்பா. இன்னிக்கோ நாளைக்கோ போட்டுடும்.”

“அலாரம் இன்னும் அடிக்குதுல்ல?” என்றேன் நான். “மாடு வராட்டி நாமே சத்தத்தைத் தேடிப் போகலாமே.”

பேட்டரி இன்று மாலைவரை தாங்கலாம், நாளை தாங்காது என்று பிரியதர்ஷினி கணக்குப் போட்டாள். ஐந்து மணிக்கு முன்பே காட்டுக்குள் இறங்கிவிட்டோம். ஒரே சிக்கல் சடையன்தான். பதற்றத்தில் அவரே கூப்பிட ஆரம்பித்துவிடுவார். எது போன், எது மனிதன் என்று பிரிக்க முடியாது. ஒரு தடவை நாங்கள் மூச்சுமுட்ட ஓடிப் போய்ப் பார்த்தால், புதருக்கு அந்தப் பக்கம் நின்று கூவிக்கொண்டிருந்தது அவரே.

“யோவ், உன்னை மொதல்ல ஆஃப் பண்ணுய்யா” என்று ராணியம்மாள் அவர் தோள்துண்டின் முனையை அவர் வாயிலேயே திணித்தார். சடையன் அதைக் கடித்துக்கொண்டே நடந்தார்.

மணி ஐந்தானது. ஓடைப் பக்கமிருந்து மெலிதாக வந்தது: “ஹோவ்... ஹோ... வாம்மா செவலே...” எங்களோடு நின்ற சடையன் வாயில் துண்டோடு தம் குரலைக் கேட்டுத் தலையாட்டினார்.

மூங்கில் புதருக்குள் செவலை நின்றிருந்தது. மேயவில்லை, அசைபோடவில்லை. முகவாயை மார்பில் இடித்துக்கொண்டு தன் கழுத்தைத் தானே பார்க்க முயன்றபடி, தவிடு வரும் என்று காத்திருந்தது. கழுத்திலிருந்து சடையன் வா வா என்று அழைத்துக்கொண்டே இருந்தார். அதன் பின்னங்கால் ஓரத்தில், ஈரம் காயாத ஒரு செவலைக் கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது.

சடையன் துண்டைத் துப்பினார். கன்றின் அருகே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

ராணியம்மாள் மடியிலிருந்த தவிட்டைப் பசுவின் வாயருகே நீட்டினார். “வூட்டுக்கு எதுக்குய்யா வரும்? ஜன்னல்ல கூப்ட்டா ஜன்னலுக்கு வந்துது. கழுத்துல கூப்பிட்டே, கழுத்தாண்டையே நின்னுச்சு.”

ஒத்திகைக்குக் கை தட்டிய எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

“அப்டின்னா செந்நாய் ஏன் கிட்ட வரல?” என்று ஆனந்தன் மெல்லக் கேட்டான்.

“தெனம் ஒரு ஆளு இங்க நின்னு கத்தறான்னு நெனச்சிருக்கும்” என்றார் சடையன். குரலில் கொஞ்சம் பெருமை. பிறகு அலாரத்தை அணைக்கப் பையைப் பிரித்தார். கன்றைத் தொட்ட கையில் ஒரே வழவழப்பு. சுண்டுவிரலையும் போன் ஏற்க மறுத்தது. பேட்டரி தீரும் வரைக்கும் அது கூப்பிட்டுக்கொண்டே வந்தது. கன்றைத் தோளில் சுமந்து சடையன் முன்னால் நடக்க, கன்றின் பின்னாலேயே செவலை நடந்தது.

கன்று நன்றாக இருக்கிறது. பிறந்ததும் முதலில் கேட்ட குரல் அது என்பதாலோ என்னவோ, ராணியம்மாள் அந்தப் பழைய போனை மடியில் செருகிக்கொண்டு அலாரத்தை ஒலிக்கவிட்டால் ஊர் முழுக்க அவர் பின்னாலேயே போகிறது. சடையன் எதிரில் நின்று அதே கூப்பாட்டைத் தம் சொந்த வாயால் போடுகிறார். கன்று நின்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனின் பின்னால் போய்விடுகிறது. இதற்கு அமைப்புகளில் ஏதாவது இருக்கும் என்று அவர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்.