ஒட்டுக் கத்திக்கு நான் சொன்ன பதில்

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது என் வேலை. அதற்கான மடக்குக் கத்தி எப்போதும் என் பையில் இருக்கும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், மலைப்படி அருகே, பெண் காவலர் ஒருவர் என் பையைச் சோதித்து அதை எடுத்தார்.

"இது எதுக்கும்மா வச்சினு இருக்க?"

நாலு பேர் முன்னால் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. "பஸ்ஸுல எவனாவது உரசினா காட்டத்தான்" என்றேன். பொய்யில்லை. ஆனால் கத்தி போய்விட்டது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் காவல் நிலையத்துக்குப் போனேன். "எத்தினி அங்குலம் வரைக்கும் வச்சிக்கலாம் சார்? எழுதியிருக்கறத காட்டுங்க."

ஒருவர் ஆறு என்றார். இன்னொருவர் கத்தியே கூடாது என்றார். நான் நகரவில்லை. கடைசியில் எழுத்தர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார்.

"நீளம் மட்டும் இல்லம்மா. விவசாய வேலைக்குன்னா விலக்கு இருக்கு. ஆள மெரட்டத்தான்னு நீயே சொன்னா, சின்னதும் ஆயுதந்தான்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மாங்கொம்பைத் தவிர எதையும் வெட்டாத கத்தியை ஒரே பதிலில் ஆயுதமாக்கியது நான்தான்.

மதியம் ஒரு மாங்கன்றும் ஒட்டுவதற்கு ஒரு மாங்கொம்பும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். கத்தியைக் கேட்டு வாங்கி, எழுத்தரின் மேசையிலேயே ஒட்டுக் கட்டிக் காட்டினேன். அவர் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "எடுத்துனு போம்மா" என்றார்.

நான் ஏறும் கே.ஜி.கண்டிகை பஸ்ஸில் உரசுகிறவன் இன்றும் இருக்கிறான். கத்தி ஒட்டு நாடாவோடு பையின் அடியிலேயே கிடக்கிறது. அன்று என்னை மாட்டிவிட்ட அதே வாயால் சத்தம் போட்டு நான் பஸ்ஸையே நிறுத்துகிறேன்.