பெப்ரவரிக் கல்

எனக்குப் பயம் வந்தால் கூடவே பகிடியும் வந்துவிடும். பல் பிடுங்கும் கதிரையில் கிடந்தபடியே வைத்தியரைச் சிரிக்க வைத்தவன் நான். இந்தக் குணத்தால்தான் என் மனைவி ஒன்பது நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாள்.

நடந்தது என் ராத்தா வீட்டு விருந்தில். ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. புரியாணியில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று மனைவி மெல்லச் சொன்னாள். ராத்தாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறிப்போய், "மன்னாரிலருந்து ஒரு சீலைப் பையோட வந்தவ, இப்ப உப்பு வெளையிற புத்தளத்தாக்களுக்கே உப்புச் சொல்லித் தாறா!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுத் துரத்தப்பட்டபோது, ஏழெட்டு வயதில் அந்தப் பையைச் சுமந்து வந்தவள் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் எங்கள் ஊர் முந்தலில் பஸ் ஏறிப் புத்தளத்து நகைக் கடைக்கு ஓடினேன்.

"மோதிரமெண்டா விரல் அளவு என்ன, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் கடைக்காரர்.

தெரியாது.

"அப்ப சங்கிலியில கோக்கிற பென்டன் எடுங்க. பிறந்த மாசக் கல் வெச்சது. அவ எந்த மாசம்?"

அதுவும் தெரியாது.

"கலியாணம் முடிச்சது நிச்சயந்தானே?" என்றார் கடைக்காரர்.

போனில் கிடந்த அவளுடைய அடையாள அட்டைப் படத்தைத் தேடியெடுத்தேன். பெப்ரவரி.

"அதுக்கு அமெதிஸ்ட்தான்." கத்தரிப்பூ நிறத்தில், தங்கக் கம்பிக்குள் உட்கார்ந்திருந்த ஒரு சொட்டுக் கல்லை என் உள்ளங்கையில் வைத்தார். "மனசைக் குளிர வைக்கும். கோபம் இறங்கும்."

"எத்தனை மணித்தியாலத்தில?"

கல்லுக்குச் சக்தி இருப்பதாக நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். அன்று நம்பினேன். பாலாவிச் சந்தியில் பஸ் நின்றபோது பெட்டியைத் திறந்து, கல் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

மேசையில் வைத்ததும் அவள் திறந்து பார்த்தாள். அழகாயிருக்கிறது என்று கண் சொன்னது. எனக்கு உயிர் வந்தது.

"உன்ட மாசக் கல். பெப்ரவரி," என்றேன்.

"அது ஹெட்மாஸ்டர்ட தேதி," என்றாள். ஒன்பது நாளைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை. "எங்கட பிறப்புப் பத்திரமெல்லாம் மன்னாரிலேயே போயிட்டு. முகாம் பள்ளிக்கூடத்தில சேர்க்கத் தேதி வேணுமெண்டு, எங்கட வரிசையில இருந்த பதினேழு பேருக்கும் ஒரே நாளை எழுதினார். அதுதான் அட்டையிலயும் இருக்கு."

"அப்ப நீ எப்ப பிறந்த?"

"பெருநாள் கழிஞ்ச கிழமை எண்டு உம்மா சொல்லுவா. எந்த வருசப் பெருநாளெண்டு அவவுக்கே நெனப்பில்ல. இப்ப கேக்க உம்மாவும் இல்ல." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கலியாணம் முடிச்ச கிழமையே உங்களுக்கிட்ட சொன்னேன். பதினேழு பேருக்கும் ஒரு கேக் போதுமே எண்டு சிரிச்சீங்க."

ஞாபகம் வந்தது. நல்ல பகிடிதான் அது. பல பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். யாருடைய கதை என்பதைத்தான் மறந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "அப்ப பன்னிரண்டு மாசக் கல்லையும் வாங்கிட்டு வாறன்" என்று வந்தது.

பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினாள். "ராத்தாவுக்குக் குடுங்க. அவவுக்குப் பிறந்தநாள் இருக்கு."

மறுநாளிலிருந்து கதைக்கிறாள். சோறு போட்டிருக்கு, அடுப்புக் கேஸ் முடிஞ்சிட்டு, கரண்ட் பில் வந்திருக்கு. என் பகிடிக்குச் சிரிக்கவும் செய்கிறாள், வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும் நேரத்தில் மட்டும்.